ஷரோன் மாற்றிச் சொன்ன வசனம்

"அவவிட்டைக் கேள் பிள்ளை. அம்மா எப்ப நடப்பா எண்டு கேள்."

என் கணவர் அன்ரன் இதைச் சொன்னபோது எங்கள் மகள் ஷரோன் தன் குளிரங்கியின் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்த காலம். மொன்றியலில் இலையுதிர்காலம் முடியும் தறுவாய். என் சக்கர நாற்காலியின் சில்லில் ஈரமான மேப்பிள் இலையொன்று ஒட்டியிருந்தது. அந்த மறுவாழ்வு நிலையத்தின் சின்ன அறையில் இறப்பர் பாயும் யாரோ குடித்து வைத்த கோப்பியும் கலந்து மணத்தன.

எங்களுக்கு எதிரே இருந்தவள் இசபெல், என்னுடைய ஃபிசியோ. வடக்கே தொலைவில் பிரெஞ்சு மட்டும் பேசும் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவள். அவளுடைய ஆங்கிலமும் எங்களுடையதைப் போலவே நொண்டும். அன்றைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வரவேண்டியிருந்தது, வரவில்லை. "அதுக்கென்ன, மகள் இருக்கிறாள்தானே" என்றார் அன்ரன்.

ஷரோன் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் கேட்டாள். இசபெல் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. சொல்லும்போது என் முழங்காலில் கையை வைத்தாள். அந்தக் கை அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

ஷரோன் சிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சக் காலம் எடுக்குமாம் அப்பா. விடாமல் பழக வேணுமாம்."

அன்ரன் எழுந்து இசபெலின் கையை இரண்டு கையாலும் பிடித்து "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். இசபெல் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். நான் சில்லில் ஒட்டியிருந்த இலையை உரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பின்னேர வகுப்புக்குப் போனவள் நான். இல்லை என்று சொல்வதற்கு அவர்கள் வினைச்சொல்லின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு துண்டு வைப்பார்கள். இசபெல் சொன்ன வசனத்தில் 'நடப்பது' இருந்தது. அதன் இரண்டு பக்கமும் இல்லை இருந்தது.

படி

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு தோழி போன கிழமை தொலைபேசியில், "நீ எப்பிடி விழுந்தனீ எண்டதை மட்டும் எழுதாமல் சுத்துறாய்" என்றாள். சரி, எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மொன்றியல்-நோர் பகுதியில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். இங்கே பழைய வீடுகளுக்குப் படி வெளியேதான். வளைந்து இறங்கும் இரும்புப் படி. நான் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு குசினியில் வேலை செய்தேன். விடியும் முன்னரே பஸ் பிடிக்க வேண்டும். அன்று விட்டுவிட்டு மழை பெய்தது. இங்கத்தைய குளிர்கால மழை விழும்போது தண்ணீர், பட்டதும் கண்ணாடி.

முதல் படியில் வைத்த கால் இரண்டாவது படியில் இருக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு நான் கீழே, முதுகு கடைசிப் படியின் விளிம்பில், முகத்தில் மழை. வலி இருந்தது, ஆனால் உடம்பின் பாதிக்கு மேலேதான் இருந்தது. என் சப்பாத்துகள் கழன்று எங்கோ போய்விட்டன என்று நினைத்தேன். பனிக்குள் கிடந்து சப்பாத்தைத் தேடுகிறேன். கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண் இரவு உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அதைக் கழற்றி என்மேல் போட்டு, என் தலையை இரண்டு கையாலும் அசையவிடாமல் பிடித்தபடி, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மழைக்குள் முழங்காலில் இருந்தாள். அவளிடம் என் சப்பாத்தைக் கேட்டேன். "காலில்தான் இருக்கு" என்றாள்.

அந்த ஒரு பதிலில் எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம் இடுப்புக்குச் சற்று மேலே நசுங்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முதல் நாட்களில் அன்ரனிடம் ஒரு டொக்டர், "வீக்கம் வடியட்டும், இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்றாராம். அதற்குப் பிறகு வேறு டொக்டர்கள் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அன்ரன் அந்த முதல் வசனத்தோடேயே நின்றுவிட்டார். வீக்கம் வடியவேண்டும், அவ்வளவுதான்.

வாசகர்களைக் காத்திருக்க வைக்க விருப்பமில்லை. நான் பிறகும் நடக்கவில்லை. இது எழும்பி நடந்த கதை இல்லை.

வேன் வரும் காலைகள்

மாதக்கணக்காக ஆஸ்பத்திரியிலும் மறுவாழ்வு நிலையத்தின் கட்டிலிலும் கிடந்து வீட்டுக்கு வந்தபோது வீடு மாறியிருந்தது. அன்ரனும் கோயில் ஆட்களும் சேர்ந்து நிலமட்டத்தில் ஒரு வீடு பார்த்து, வாசலுக்குச் சரிவுப் பலகை போட்டிருந்தார்கள். அதன்பின் நான் வெளிநோயாளி. கிழமையில் சில காலைகள் சக்கர நாற்காலி ஏற்றும் வேன் வந்து என்னை நிலையத்துக்குக் கொண்டுபோய், மத்தியானம் திருப்பி விடும்.

கட்டிலில் இருக்கும்வரை நோயாளியாக இருப்பது சுலபம். யாரோ திருப்புவார்கள், யாரோ துடைப்பார்கள். வீட்டுக்கு வந்தபின்தான் உடம்பு என்னுடையதென்று தெரிந்தது. மூத்திரத்துக்குக் குழாய் வைக்கப் பழக வேண்டும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஒரு வழுவழுப்பான பலகையில் சறுக்கிப் போகப் பழக வேண்டும். இருந்த இடத்திலேயே கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிவிட வேண்டும். ஒரு கைக்கண்ணாடியை வைத்துத் தினமும் குதிக்காலையும் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணாடிதான் எனக்குப் பெரிய வெட்கம். "ஏன் இது?" என்று முதல் நாள் கேட்டேன். இசபெல் சொன்னாள்: உனக்கு நோகாது, அதனால் கண்தான் இனி நோவை அறியவேண்டும். படுக்கைப்புண் படுக்கையில் கிடப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை. அழுத்தும் இடமெல்லாம் வரும். ஒரு சின்னச் சிவப்பில் தொடங்கி எலும்பு வரை போகும். வந்தால் மறுபடி மாதக்கணக்கில் குப்புறக் கிடக்கவேண்டும்.

நிலையத்தின் பயிற்சி மண்டபத்தில் யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்படுவதில்லை. ஒருவர் கோப்பையைப் பிடிக்கப் பழகுவார். பக்கத்தில் ஒருவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். வானொலியில் ஹொக்கி ஓடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட அந்த மண்டபத்தில் எனக்கு மூச்சு விடச் சுலபமாக இருந்தது.

கோயிலில் எல்லோரும் என் காலைப் பார்ப்பார்கள். "மாதா கைவிடமாட்டா. அடுத்த திருநாளுக்கு நடந்து வருவியள் பாருங்கோ" என்பார்கள். மன்னார்க்காரர்களான எங்களுக்கு மடு மாதா மேல் இருக்கும் நம்பிக்கை சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்ரன் நேர்த்தி வைத்திருந்தார். நாட்டில் அப்போது சண்டை நின்றிருந்த காலம். நான் எழும்பியதும் மூவரும் போய், மடுவில் நான் என் காலால் பீடத்துக்குப் போகவேண்டும் என்பது நேர்த்தி.

வீட்டு நடையில் இரும்பு

இசபெலின் அறையில் அந்தக் கதை நடந்த அதே கிழமை, சனிக்கிழமை, அன்ரன் இரும்புக் குழாய்களோடு வந்தார். அவருக்குத் துறைமுகத்தின் பக்கம் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. வேலை முடிந்து வரும்போது காரின் கூரையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்று பின்னேரம் முழுக்கத் துளை போடும் மெஷின் சத்தம். அறைக்கும் குசினிக்கும் இடையிலான ஒடுங்கிய நடையில், இரண்டு பக்கமும், நிலத்தில் துளைத்து ஊன்றி, இடுப்பு உயரத்துக்குக் கைபிடி. நிலையத்தில் இருக்கிறதே, அதே மாதிரி.

"வந்து பார் ஸ்ரெல்லா" என்றார். அவ்வளவு சந்தோசமாக அவரைப் பார்த்துக் கனநாள்.

குழாய்கள் வந்ததும் அந்த வழியால் என் நாற்காலி போகமுடியாமல் போனது. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் குசினி, அடுப்பு, தண்ணீர்க் குழாய். அன்ரன் வேலைக்குப் போகும்போது ஃபிளாஸ்கில் தேத்தண்ணீரும் மூடிய தட்டில் பாணும் இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவார். மிச்சத்துக்கு ஷரோன் பள்ளிக்கூடத்தால் வரும்வரை பொறுக்கவேண்டும்.

"நாற்காலி எப்பிடிப் போறது?" என்று கேட்டேன்.

"கொஞ்சக் காலத்துக்குத்தானே" என்றார்.

ஒவ்வொரு பின்னேரமும் சாப்பாட்டுக்கு முன் பழக்கம். கால்கள் மடியாமல் பூட்டும் பிளாஸ்டிக் சட்டங்கள் எனக்குத் தரப்பட்டிருந்தன. எலும்புக்கும் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது என்று, கொஞ்ச நேரம் நிற்பதற்காக மட்டும். அன்ரன் அவற்றை இறுக்கிப் பூட்டி, என்னைத் தூக்கி நிறுத்தி, பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். நான் குழாயில் தொங்குவேன். தோளால் உடம்பைத் தூக்கி முன்னே எறிவேன். கால்கள் பின்னால் இழுபட்டு வரும். "வருது, வருது, பார் நடக்கிறாய்" என்பார். அவருடைய மூச்சு என் பிடரியில் சுடும்.

ஷரோன் அந்த நேரங்களில் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. இசபெலின் வசனம் ஒன்று, மகளின் வசனம் ஒன்று என்று இரண்டு என்னிடம் இருந்தன. நான் மகளுடையதை எடுத்துக்கொண்டேன். யார்தான் எடுக்கமாட்டார்கள்?

முதல் பனி விழுந்த கிழமை ஒரு காலையில், கைக்கண்ணாடியில் வலது குதிக்காலுக்கு மேலே ஒரு சிவப்பைக் கண்டேன். விரலால் அழுத்தினேன். நல்ல தோலென்றால் வெளிறவேண்டும். வெளிறவில்லை.

என் பிரெஞ்சு

இசபெல் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என் தோள்களைப் பிடித்துப் பார்த்தாள். வலது கையை மேலே தூக்கச் சொன்னாள். காதுக்கு மேல் போகவில்லை.

"வீட்டில் என்ன செய்கிறீர்கள்?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். குழாய், கணவர், பின்னேரம், நடை. வினைச்சொல்லின் காலமும் பெயர்ச்சொல்லின் பாலும் பிழையாகியிருக்கும். அவள் ஒன்றையும் திருத்தாமல் கேட்டாள்.

"உன் தோள்தான் இனி உனக்குக் கால். அதை உடைத்தால் உன்னிடம் மிச்சம் ஒன்றும் இராது" என்றாள்.

அப்போது நான் கேட்டேன். மகள் இல்லாமல், கணவர் இல்லாமல், வகுப்பில் படித்த பிள்ளைத்தனமான பிரெஞ்சில். நான் நடப்பேனா?

அன்றைக்குச் சொன்ன அதே வசனத்தைச் சொன்னாள். அதே வேகம். இந்த முறை கையை முழங்காலில் வைக்காமல் என் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் அழுதேன். அவள் கடதாசித் துவாலைப் பெட்டியை நகர்த்திவிட்டு எழும்பாமல் இருந்தாள். பிறகு, "இன்றைக்குப் போதுமா, இல்லை வேலை செய்வோமா?" என்று கேட்டாள். வேலை செய்வோம் என்றேன். அன்று தொடங்கியதுதான் நிலத்திலிருந்து நாற்காலிக்கு ஏறும் பயிற்சி.

அன்று பின்னேரம் ஷரோனைக் கட்டிலில் என் பக்கத்தில் இருத்தினேன்.

"அண்டைக்கு இசபெல் சொன்னது எனக்கும் விளங்கினது பிள்ளை."

"உங்களுக்குப் பிரெஞ்சு விளங்குமே?"

"அவ்வளவுக்கு விளங்கும்."

"அப்பா அழுதிடுவார் எண்டு பயந்தனான்."

"பேந்து எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் அப்பாவிட்டைச் சொல்லிப்போடுவியள்."

அந்தச் சின்ன உடம்புக்குள் அதை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். "டேஸோலே, அம்மா" என்றாள். மன்னிப்புக் கேட்பதென்றால் அவளுக்கு எப்போதும் பிரெஞ்சுதான் வாயில் வரும்.

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை. அப்பாவிட்டைச் சொல்லுறது உன்ர வேலை இல்லை. அது என்ர வேலை" என்றேன்.

அன்ரன் வந்து சட்டங்களைக் கையில் எடுத்தபோது சொன்னேன். "வேண்டாம். இஞ்ச இருங்கோ. நான் நடக்கமாட்டன். இசபெல் சொல்லிப்போட்டா. அண்டைக்கும் அதைத்தான் சொன்னவ."

அவர் ஷரோனைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"அவவுக்கு என்ன தெரியும்? அவ என்ன கடவுளே?" என்றார்.

"என்ர காலைப் பாருங்கோ."

பார்த்தார். சிவப்புக்கு மேல் மருந்துத் துணி ஒட்டியிருந்தது. சட்டங்களைச் சுவரோடு சாத்திவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றும் அதற்குப் பின்னும் சாப்பாடு வைத்தார், உடுப்புத் தோய்த்தார், என்னைத் தூக்கவேண்டிய இடத்தில் தூக்கினார். கதைக்கமட்டும் இல்லை. குழாய்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

பனி கொட்டிய நாள்

அப்படியே கொஞ்ச நாள் போனபின் ஒரு காலை, பனி கொட்டி வேன் வரவில்லை. அன்ரனுக்கு அன்று பிந்திய வேலை. காரைத் தோண்டி எடுத்து, என்னைத் தூக்கி இருத்தி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தார்.

அவர் வாசலோடு நின்றுகொள்வார் என்று நினைத்தேன். மண்டபத்துக்குள் வந்து சுவரோடு நின்றார்.

நான் நீல நிறப் பாயில் இறங்கியிருந்தேன். நாற்காலி பக்கத்தில். இடையில் ஒரு தாழ்ந்த முக்காலி. தலையை முழங்காலை நோக்கிக் குனிந்தால் இடுப்பு எழும்பும், அந்த நொடியில் கையை ஊன்றித் தள்ளவேண்டும். சொல்ல இலகு. முதல் முறை முக்காலி வரை போய்ச் சறுக்கினேன். பக்கவாட்டில் விழுந்தேன். கன்னம் பாயில் அடித்தது.

அன்ரன் ஓடிவந்தார். பனிச் சப்பாத்தோடேயே பாயில் ஏறிவிட்டார். இசபெல் குறுக்கே கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தள்ளிவிடுவார் போல நின்றார்.

"விடுங்கோ, நான் எழும்புவன்" என்றேன்.

மறுபடி விழுந்தேன். தோள் எரிந்தது. வியர்வை கண்ணுக்குள் போனது. மண்டபத்தில் வானொலி பாடிக்கொண்டே இருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு முறை முக்காலியில் ஏறி இருந்துவிட்டேன். மூச்சு வாங்கினேன். குனிந்தேன். தள்ளினேன். நாற்காலியின் மெத்தை எனக்குக் கீழே வந்துவிட்டது.

இசபெல் "போன்" என்றாள். நல்லது என்பதற்கு அவர்கள் சொல்லும் ஒற்றைச் சொல். அன்ரன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் படிந்த பனி உருகும்வரை இருந்தோம்.

"நான் அண்டைக்குப் படிக்கு உப்புப் போட்டிருக்க வேணும்" என்றார்.

அந்த வீட்டில், பனியில் வழுக்காமல் இருக்கப் படிக்கு உப்புத் தூவுவது அவருடைய வேலை. நான் விழுந்த அன்று அவர் எனக்கு முன்னரே துறைமுகத்துக்குப் போய்விட்டார். இவ்வளவு காலமும் அதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நான் நடந்துவிட்டால் அதைச் சொல்லவேண்டிய தேவையே வராது என்று நினைத்திருப்பார்.

"நீங்கள் போகேக்க மழை தொடங்கேல்லை. போட்டிருந்தாலும் நிண்டிராது. விழ விழ உறைஞ்சது" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். நான் அவருடைய முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த கோட்டின் சுருக்கமும் அதற்குள் அவர் குலுங்குவதும் என் உள்ளங்கைக்கு நன்றாகத் தெரிந்தன.

வீட்டுக்கு வந்து, வேலைக்குப் போகும் முன், "கழட்டட்டோ?" என்று கேட்டார்.

"கழட்டுங்கோ."

நிலத்தில் துளைகள் மிச்சம். வீட்டுச் சொந்தக்காரன் பார்த்தால் கத்துவான் என்று அதற்குமேல் ஒரு பாயை விரித்தார். பாயில் சில்லு சிக்கியது. பாயையும் எடுத்தார். அன்று நான் குசினிக்குப் போய், கனகாலத்துக்குப் பிறகு என் கையால் வெங்காயம் வெட்டினேன்.

மன்றாட்டு

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு. பூசை தொடங்கும் முன் கோயிலின் பின்வரிசையில், செபக்குழுவை நடத்தும் ஒரு அக்கா எங்களிடம் வந்தார். நல்ல மனுசி. நான் விழுந்த நாளிலிருந்து எங்களுக்காகச் செபமாலை சொல்லாத கிழமை இல்லை.

"இண்டைக்கு விசுவாசிகள் மன்றாட்டில ஸ்ரெல்லாவின்ர பேரும் சேர்த்திருக்கு. கெதியா எழும்பி நடக்க வேணுமெண்டு" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அன்ரன் சொன்னார்.

"அக்கா, அவ நடக்கமாட்டா. நரம்பு போட்டுது. அது இனி வராது."

கோயிலில் அப்படி ஒருவரும் சொல்வதில்லை. அந்த அக்காவின் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது. ஷரோன் தலையை உயர்த்தித் தகப்பனைப் பார்த்தாள். அவருடைய குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் பேர் சொல்வது போல் சொன்னார்.

"அப்ப... மன்றாட்டை எடுத்துவிடட்டோ, தம்பி?"

"ஏன் எடுக்கிறீங்கள்? கேளுங்கோ. அவவுக்குப் படுக்கைப்புண் வரக்கூடாது எண்டு கேளுங்கோ. தோள் பழுதாகக்கூடாது எண்டும் கேளுங்கோ. அதுதான் இப்ப எங்களுக்குத் தேவை."

அந்த அக்கா கைப்பையைத் துழாவி ஒரு பேனையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

மன்றாட்டு நேரம் வந்தது. திருச்சபைக்காக, நாட்டில் சமாதானத்துக்காக, சண்டையில் இறந்தவர்களுக்காக என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவ்வளவு பெரிய கோயிலில், ஒலிவாங்கியில், எங்கள் சகோதரி ஸ்ரெல்லாவுக்குப் படுக்கைப்புண் வராமல் காக்கும்படியும் அவருடைய தோள்களைப் பலப்படுத்தும்படியும் உம்மை மன்றாடுகிறோம் என்று வாசித்தார்.

பின்னால் யாரோ ஒரு பெடியன் சிரித்தான். ஷரோனுக்கும் சிரிப்பு வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் நாற்காலிக் கையில் சாய்ந்தாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கச் சொன்னது. எனக்குப் பக்கத்தில் அன்ரன் எல்லோருக்கும் ஒரு சொல் பிந்தி, உரத்துச் சொல்லி முடித்தார்.